ஐம்பது மீற்றருக்கு ஒரு துவக்கு
விக்டோரியாவில் புதிதாக லைசென்ஸ் எடுத்த தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

"அண்ணை, லைசென்ஸ் வந்திட்டுது. முயலுக்கும் போகவேணும், ரேஞ்சிலையும் சுடவேணும். எந்த .22 வாங்கலாம்?" என்று உங்களில் கனபேர் கேட்டுவிட்டீர்கள். கலியாண வீட்டில் கேட்டவருக்கு ஒரு பதில், கோயில் வாசலில் கேட்டவருக்கு இன்னொரு பதில் என்று அரைகுறையாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று பட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை வாசிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். மூன்று கிலோவுக்கு அங்கால் போகாத, சாதாரணக் குழல் உள்ள, .22 லோங் ரைபிள் ரவை சுடும் ஒரு போல்ட் அக்‌ஷன் வேட்டைத் துவக்கை வாங்குங்கள். கடைக்காரர் அதற்கு மேலே எடுத்துக் காட்டுகிற சாமானுக்குக் கொடுக்கவிருந்த காசை ரவையில் போடுங்கள். துல்லியம் என்று நீங்கள் தேடுவதில் பெரும்பங்கு அந்த ஐம்பது ரவைப் பெட்டிக்குள் இருக்கிறது.

கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி ஒவ்வொரு ரவையாக ஏற்றுகிற போல்ட் அக்‌ஷனைத் தவிர இந்த நாட்டில் எங்களுக்கு வேறு தெரிவும் பெரிதாக இல்லை. 1996 ஏப்ரலில் போர்ட் ஆதரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து செய்த உடன்பாட்டில், தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் .22 கூட, சாதாரண லைசென்ஸுக்கு எட்டாத சி வகைக்குப் போய்விட்டது. 6 இலட்சத்துக்கு மேற்பட்ட துவக்குகளை அரசாங்கம் விலைக்கு வாங்கி அழித்தது. நல்லதுதான். முயலுக்கு இரண்டாவது வெடி வைக்க அவசரப்படுகிறவர் முதலாவதை ஒழுங்காக வைத்திருக்க மாட்டார்.

எங்கள் வீடுகளில் இது இன்னொரு விதமாகவும் கதைக்கப்படும் விஷயம். துவக்கைக் கண்டால் ஒளித்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். "அந்தச் சாமானை வீட்டுக்குள்ள கொண்டுவராதே" என்று அம்மாவோ மனைவியோ சொன்னால் வாதாடாதீர்கள். இரும்புப் பெட்டி எந்தச் சுவரில் இறுக்கப்படும், ரவை எந்தத் தனிப் பூட்டில் இருக்கும், திறப்பு யார் கையில் இருக்கும் என்பதையெல்லாம் இருந்து கதைத்து ஒரு முடிவுக்கு வந்த பிறகு கடைக்குப் போங்கள். அதற்கிடையில் எந்த ரைபிளும் கடையைவிட்டு ஓடிப்போகாது.

சரி, முயலுக்கு வருவோம். 1859ஆம் ஆண்டு நத்தார் நாளில் 'லைட்னிங்' என்ற கப்பலில் மெல்பேர்ணுக்கு 24 முயல்கள் வந்திறங்கின. தோமஸ் ஒஸ்ரின் என்ற நிலச்சுவாந்தர், வின்சல்சிக்குப் பக்கத்திலுள்ள தன் பார்வன் பார்க் தோட்டத்தில் வேட்டை விளையாட்டுக்கென்று வரவழைத்தவை. இந்தக் கண்டத்து முயல்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரு வருகையின் வம்சம் என்று 2022இல் மரபணு ஆய்வும் சொல்லிவிட்டது. கொலாக் பக்கம் கார் ஓட்டிப் போனால் முயல் நுழையாதிருக்க அந்தக் காலத்தில் அடுக்கிய கருங்கல் வேலிகளை இன்றும் காணலாம். 1950இல் மிக்ஸோமா வைரசை அவிழ்த்துவிட்டார்கள். 1995இல் வார்டாங் தீவில் பரிசோதனையில் இருந்த கலிசி வைரஸ் தப்பி வெளியே வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் முயல் இருக்கிறது. காணிக்காரர் சம்மதித்தால் நீங்கள் சுடலாம். அநேகமாக அவர் நன்றியும் சொல்வார்.

ஆனால் எதைச் சுடுகிறீர்கள் என்று யோசியுங்கள். முயலின் தலையில் அடிபட்ட கணமே உயிர் போகிற இடம் எங்கள் 20 சத நாணயத்தின் அளவுதான், ஏறத்தாழ 28 மி.மீ. வயிற்றில் பட்டால் வளைக்குள் ஓடி மணிக்கணக்காகத் துடித்துச் சாகும். இறைச்சியும் உங்களுக்கில்லை. ஆகவே கேள்வி இதுதான்: உங்கள் துவக்கும் நீங்களும் சேர்ந்து, புல்லில் முழங்கால் ஊன்றி, மூச்சு வாங்க, அந்த நாணயத்துக்குள் எத்தனை மீற்றர் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் சன்னத்தை வைப்பீர்கள்? புதியவர்களில் அநேகம் பேருக்கு 50 மீற்றர். சிலருக்கு 35. வெட்கப்பட எதுவுமில்லை, முயலை நோக்கிப் பத்து அடி கூடுதலாக ஊர்ந்து போகலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஓரளவு நல்ல வேட்டை .22 ஒன்று, தனக்குப் பிடித்த ரவையோடு 50 மீற்றரில் 15 முதல் 20 மி.மீ. வட்டத்துக்குள் சுடும். அதாவது நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 10 மி.மீ.தான் விலகல். மூன்று மடங்கு விலையுள்ள ரைபிள் அதை 5 ஆக்கலாம். முழங்காலில் இருந்து சுடும்போது உங்கள் கையின் ஆட்டமே அதைவிடப் பல மடங்கு. அந்த 5 மி.மீ. வித்தியாசத்தைப் புல்வெளியில் நீங்களும் காணமாட்டீர்கள், முயலும் காணாது.

ஆனால் ரவையை மாற்றினால் காண்பீர்கள். ரிம்ஃபயர் என்பது என்ன? கோதின் அடிவிளிம்பு மடிப்புக்குள் தீப்பற்றும் மருந்தைத் தடவியிருப்பார்கள். சுடும் ஊசி அந்த விளிம்பை நசுக்க, மருந்து பற்றி வெடிக்கிறது. நசுக்கிய கோது நசுக்கியதுதான். பெரிய வேட்டைக்காரர்கள் கோதை எடுத்துப் புது மருந்து அளந்து போட்டுத் தங்கள் துவக்குக்கு ஏற்றமாதிரி ரவை செய்துகொள்வார்கள். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. தொழிற்சாலை தருகிறதைத்தான் சுடவேண்டும். அங்கே விளிம்புக்குள் மருந்து ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தாலும், வெடிமருந்து ஒரு துளி மாறினாலும் வேகம் மாறும். ஒரே பெட்டியில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு ரவைகளின் வேகம் வினாடிக்கு 10 மீற்றர் வித்தியாசப்பட்டால், 50 மீற்றரில் ஒன்று மற்றதைவிட 7, 8 மி.மீ. கீழே விழும், 100 மீற்றரில் 3 செ.மீ.க்கு மேல். குழலில் ஒரு பிழையும் இல்லை, உங்கள் கையிலும் பிழையில்லை, ஆனால் இலக்குத் தாளில் ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டு நிற்கும்.

இதற்கு மேல் குழலுக்குக் குழல் ருசி வேறு. ஒரே நாளில், ஒரே தொழிற்சாலையில் வெளிவந்த இரண்டு ரைபிள்களில் ஒன்று எஸ்.கே. ஸ்ராண்டர்ட் பிளஸ் ரவையை ஒரே ஓட்டையாகப் போடும், மற்றது சி.சி.ஐ. ஸ்ராண்டர்டைக் கேட்கும். இங்கிலாந்தின் ஈலி, ஜேர்மனியில் ரவை செய்யும் லபுவா போன்ற கம்பனிகள் போட்டியாளர்களின் துவக்கைக் கருவியில் பூட்டி, எந்தத் தொகுதி ரவை அதற்குப் பொருந்துகிறது என்று சுட்டுப் பார்த்து விற்பதற்கே தனி நிலையங்கள் வைத்திருக்கின்றன. ஒலிம்பிக்காரரே இப்படித் தேடும்போது நாங்கள் கடையில் மலிவாகக் கிடந்த ஐந்நூறு ரவை வாளியை வாங்கிவந்து "இந்தத் துவக்கு சரியில்லை" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

வேகம் கூடினால் நல்லது என்ற நினைப்பையும் விடுங்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் 'ஹைப்பர்', 'மக்ஸ்' என்று போட்டிருப்பவை ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டு, இலக்குக்குப் போகும் வழியில் அந்த எல்லைக்குக் கீழே இறங்கும். அந்த இறக்கத்தில்தான் சன்னம் தடுமாறுகிறது. காற்றும் அவற்றைத்தான் கூடுதலாகத் தள்ளும். நம்பக் கஷ்டம், ஆனால் உண்மை. வினாடிக்கு 320 மீற்றர் அளவில் புறப்படுகிற சப்சோனிக் ரவை தொடக்கத்திலிருந்தே ஒலிக்குக் கீழே நிற்கிறது, ஓசையும் குறைவு. முயலுக்கு முனையில் குழியுள்ள சப்சோனிக், தாளுக்கு உருண்டை முனை ஸ்ராண்டர்ட் வேகம். இந்த இரண்டும் உங்கள் துவக்கில் ஒரே இடத்தில் விழுகிற ஒரு சோடியைக் கண்டுபிடித்துவிட்டால், சனிக்கிழமை ரேஞ்சுக்கும் ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்கும் ஸ்கோப்பைத் திருகத் தேவையில்லை. அந்தச் சோடியைத் தேடுவதற்குத்தான் காசை மிச்சம்பிடிக்கச் சொன்னேன்.

50 மீற்றருக்குச் சரிபார்த்த சப்சோனிக், 75 மீற்றரில் சுமார் 8 செ.மீ. கீழே விழும். 100 மீற்றரில் ஒரு சாண். மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று 50 மீற்றரில் 2 செ.மீ.தான் தள்ளும், அதே காற்று 100 மீற்றரில் 10 செ.மீ. தள்ளிவிடும். மேற்கு விக்டோரியாவின் வெளிகளில் 16 கி.மீ. காற்று என்றால் அமைதியான பின்னேரம் என்று அர்த்தம். இதனால்தான் தலைப்பில் ஐம்பது என்று போட்டேன்.

"அப்ப .17 எச்.எம்.ஆர். வாங்கினால் என்ன?" இதையும் சிலர் கேட்டீர்கள். 2002இல் ஹோர்னடி கொண்டுவந்த ரவை அது. சின்னஞ்சிறு சன்னம், பயங்கர வேகம், 100 மீற்றர் தாண்டியும் நேர்கோடு மாதிரிப் போகும். பண்ணைக்காரருக்கு முயலை ஒழிப்பதுதான் வேலை என்றால் நல்ல ஆயுதம். ஆனால் ரவை விலை கூட, சத்தம் கூட, தோளில் பட்டால் கறிக்கு மிஞ்சுவது பின்னங்கால்கள்தான். பழகுவதற்கு ஆயிரக்கணக்கில் சுடவேண்டிய ஒருவர் விலை கூடின ரவையோடு தொடங்கினால் சுடுவது குறையும். இரண்டாவது துவக்காக வாங்குங்கள். நரிக்கு .22 போதாது, அந்த ஆசையை இப்போதைக்கு விடுங்கள்.

இனி ரைபிள்களின் பெயர்கள். எனது முதல் தெரிவு செக் நாட்டின் சி.இசட். 457. இந்த நாட்டு முயல் வேட்டைக்காரர்கள் தலைமுறையாகக் கொண்டாடுகிற பழைய புருனோ .22இன் மரபில் வந்தது. கைப்பிடியை 60 பாகைதான் தூக்கவேண்டும், அதனால் ஸ்கோப்பில் விரல் இடிக்காது. விசையின் பாரத்தைத் திருகி மாற்றலாம். இரண்டு திருகாணியைக் கழற்றினால் குழலையே மாற்றலாம். சாதாரண மரப்பிடி மொடலே போதும். பின்லாந்தின் ரிக்கா டி1எக்ஸ் அதற்குச் சமம்; விசை இன்னும் சுத்தம், பிளாஸ்ரிக் பிடி மழைக்குப் பயப்படாது, மகசின் பத்து ரவை கொள்ளும். பார்க்க வடிவில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம். லித்கோ எல்.ஏ.101 உள்ளூர்ச் சாமான்: நியூ சவுத் வேல்ஸில் 1912இல் திறந்த ஆயுதத் தொழிற்சாலையின் படைப்பு. கெட்டியான துவக்கு, கொஞ்சம் பாரம். போருக்குப் பிறகு இதே தொழிற்சாலை செய்த .22கள்தான் நாட்டுப்புற வீடுகளில் நிறைந்து கிடந்தன; அவற்றில் சில ரெனிஸ் மட்டைக்குப் பேர்போன ஸ்லேசெஞ்சர் என்ற பெயரோடு விற்கப்பட்டன என்றால் நம்புவீர்களா? ஜேர்மனியின் அன்ஷுட்ஸ் தனிச் சாதி. போல்ட்டை இழுத்தால் எண்ணெயில் வழுக்குகிறமாதிரி வரும். வசதியிருந்தால் வாங்குங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அந்த விலைக்கு ஒரு சி.இசட்., ஒரு நல்ல ஸ்கோப், ஒரு வருட ரவை மூன்றும் வரும்.

யாராவது வயதான அவுஸ்திரேலியர் பழைய புருனோ ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டால் போய்ப் பாருங்கள். குழலின் வாயில் பெருவிரல் நகத்தைச் சுற்றிவர ஓட்டிப் பாருங்கள். சன்னம் கடைசியாகத் தொட்டு விடைபெறும் விளிம்பு அதுதான். தடிவைத்து அடிக்கடி துடைத்துத் தேய்ந்ததோ, வாகனத்தின் கம்பியில் இடிபட்டு நெளிந்ததோ அங்கேதான் தெரியும். அது சுத்தமாக இருந்தால், மரப்பிடி கீறல் விழுந்திருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கடையில் உங்களுக்குக் காட்டப்போவது இவை எதுவுமாக இராது. தடித்த குழல், அலுமினியச் சட்டம், ஆறேழு வகைத் திருகுகள், நாலரைக் கிலோ. கடைசியாக நான் எட்டிப்பார்த்த ஒரு கடையில், முதல் துவக்கு வாங்கவந்த பிள்ளைக்கு அதைத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். தடித்த குழல் சூட்டைத் தாங்கும் என்பார்கள்; .22இல் என்ன பெரிய சூடு? நீண்ட குழலும் வேண்டாம். இந்தச் சின்னக் கோதின் மருந்து 16, 18 அங்குலத்துக்குள் தன் வேலையை அநேகமாக முடித்துவிடுகிறது. குழல் நுனியில் மரை வெட்டியிருக்கிறது என்று கூடக் காசு கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். சத்தம் குறைக்கும் குழாய் நியூசிலாந்தில் பூட்டலாம். இங்கே எங்கள் சாதாரண லைசென்ஸில் அது குற்றம்.

'மட்ச்' அறை வைத்த ரைபிள்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதை விற்பவர் சொல்லமாட்டார். ரவை உட்காரும் அறையை இறுக்கமாகக் கடைந்திருப்பார்கள். ரவையை ஏற்றியதுமே சன்னத்தின் மூக்கு குழலின் வரிகளில் கடிபட்டு நிற்கும். தாளுக்கு அது அருமை. வேட்டையில் நீங்கள் ஒவ்வொரு கம்பிவேலியிலும் ரவையை வெளியே எடுத்துவிட்டுத்தான் ஏறவேண்டும். இறுக்கமான அறையில் சில ரவைகளின் சன்னம் குழலிலேயே சிக்கிக்கொள்ள, கோது மட்டும் கையோடு வரும். வெடிமருந்து முழுவதும் போல்ட்டுக்குள் கொட்டும். பண்ணை நடுவில், இருட்டுகிற நேரத்தில், துடைக்கும் தடியும் இல்லாமல் நின்றால் அன்றைய வேட்டை அத்தோடு சரி.

ரேஞ்ச் விஷயம். 50 மீற்றர் படுத்துச் சுடும் போட்டியில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மி.மீ.; துவக்கு 8 கிலோ வரை இருக்கலாம். அது வேறு உலகம். அதற்கு ஆசையென்றால் கழகத்தின் துவக்கை இரவல் வாங்கிச் சுடுங்கள். அநேகமான கழகங்கள் புதியவர்களுக்குத் தருகின்றன. உங்கள் வேட்டைத் துவக்குக்கு ஏற்ற போட்டி சிலுவெட். 40 மீற்றரில் இரும்புக் கோழி, 60இல் பன்றி, 77இல் வான்கோழி, 100இல் செம்மறிக் கடா. எல்லாம் நின்றபடி, எதிலும் சாயாமல். வெறும் இரும்புத் தகடுதான், ஆனால் வான்கோழி ஆளை அழவைக்கும். ஒரு பருவம் அதைச் சுட்டவர் முயலுக்கு முன்னால் நடுங்கமாட்டார். அங்கே நின்று பார்த்தால் நாலரைக் கிலோச் சட்டத்தை ஏன் வேண்டாமென்றேன் என்பதும் தோளுக்கு விளங்கிவிடும்.

ஸ்கோப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெரிய துவக்குகளுக்கானவை 100 மீற்றருக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். 30 மீற்றரில் கண் சற்று அசைந்தாலே குறுக்குக் கோடும் அசையும். 50க்குச் செய்த ரிம்ஃபயர் ஸ்கோப், அல்லது பக்கத்துத் திருகால் தூரத்தை மாற்றக்கூடியது வாங்குங்கள். ஒன்பது மடங்கு உருப்பெருக்கம் தாராளம்.

கடையில் ரைபிளைக் கையில் தந்ததும் போல்ட்டைத் திறந்து காலியா என்று பாருங்கள். விற்பவர் பார்த்துவிட்டுத் தந்தாலும் நீங்களும் பாருங்கள். பிறகு கண்ணை மூடித் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பிடியில் வசதியாக வையுங்கள். கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பின் நடு நேரே தெரியவேண்டும். கழுத்தை நீட்டியோ தாடையைத் தூக்கியோதான் தெரிகிறதென்றால் அடுத்ததைக் கேளுங்கள். எங்கள் பெண்பிள்ளைகளில் பலருக்கும் உயரம் குறைந்த ஆண்களுக்கும் ஐரோப்பியப் பிடி நீளம். கட்டையின் நுனியில் ஓர் அங்குலம் அறுப்பது சின்ன வேலை, கூச்சப்படாமல் கேளுங்கள். இடக்கைக்காரர் இடக்கை போல்ட் வாங்குங்கள், சமாளிக்கலாம் என்று வலக்கைத் துவக்கோடு வீடு திரும்பாதீர்கள். வெறும் அறையில் விசையை இழுத்துப் பார்க்குமுன் கேளுங்கள். சில ரிம்ஃபயர்களில் ஊசி நேரே அறையின் விளிம்பில் போய்க் குத்தி அதைச் சிதைத்துவிடும்.

ரவைப் பெட்டியில் ஒன்றரை மைல் என்று ஓர் எச்சரிக்கை போட்டிருக்கும். அது விளையாட்டுக்கில்லை. கொலாக் பக்கத்துக் கற்பாறை நிலத்தில் இந்த மென்னீயச் சன்னம் கல்லில் பட்டுத் தெறித்து எங்கே போகும் என்று யாராலும் சொல்லமுடியாது. முயலுக்குப் பின்னால் மண்மேடு இருக்கவேண்டும். மேட்டின் உச்சியில், வானத்தைப் பின்னால் வைத்துக் குந்தியிருக்கிற முயலை விட்டுவிடுங்கள். இரவில் விளக்கடித்துச் சுடும்போது கண் மின்னுவதைக் கண்டு சுடாதீர்கள், காது இரண்டும் தெரியவேண்டும். பொசமும் வலபியும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கண்ணும் முகமும் வீங்கிய முயல் மிக்ஸோமா கண்டது. சுட்டு வேதனையைத் தீருங்கள், கறிச்சட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

முதல் நாள் ரேஞ்சுக்கு வரும்போது ஐந்து வகை ரவையில் ஒவ்வொரு பெட்டி கொண்டுவாருங்கள். துவக்கை மணல்பையில் வையுங்கள். ரவை மாற்றும்போதெல்லாம் முதல் பத்துப் பதினைந்தை மண்மேட்டுக்குக் கொடுங்கள். முன்னைய ரவையின் மெழுகு போய்ப் புதியது குழலில் படிய அவ்வளவு வேண்டும். பிறகு பத்து பத்தாகத் தாளில் சுடுங்கள். ஐந்து ஐந்தாகச் சுட்டால் ஏதாவதொரு தாளில் தற்செயலாக அழகாக விழும், அதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பத் தோன்றும். பத்தில் அந்தச் சாலம் எடுபடாது. தாளின் மூலையில் ரவையின் பெயரோடு பெட்டி மடிப்பில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணையும் எழுதுங்கள். பிடித்தது எது என்று தெரிந்த அன்றே கடைக்குப் போய் அதே எண்ணில் எத்தனை பெட்டி கிடைக்குமோ அத்தனையையும் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் போனால் வேறு தொகுதி இருக்கும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். மணல்பை இல்லாதவர்கள் சொல்லுங்கள், என்னிடம் இரண்டு இருக்கிறது.

அன்புடன்,
ரேஞ்சில் உங்களுக்கு மூத்த ஒருவன்